வட்டார வழக்கு தெரிந்தவர்

வேலைக்கு எடுக்கும்போது கேட்டது ஒன்றே ஒன்றுதான்:
நெல்லைப் பேச்சு புரியுமா?
சிரித்துவிட்டேன்.
முருகன்குறிச்சியில் பிறந்து
சமாதானபுரத்தில் வாக்கப்பட்டவளிடம்
கேட்கிற கேள்வியா இது.

மற்றதெல்லாம் எந்திரத்துக்குத் தெரியுமாம்.
ரத்தத்தின் நிறம், தோலின் பரப்பு, கத்தியின் நீளம்.
தெரியாதது ‘ஏல’ மட்டும்.
கொஞ்சலா, கேலியா,
வெட்டப்போகிறவன் கடைசியாகக் கூப்பிடுவதா?
அதைப் பிரித்துச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்,
பிடித்தம் போக
பதினெட்டாயிரத்து நானூறு.

இரவு பத்துக்குக் கதவை உள்ளே பூட்டிக்கொள்வேன்.
தையல் மெஷின் மேசைதான் அலுவலகம்.
நீக்கு. விடு. மேலே அனுப்பு.
ஒன்றுக்கு நாற்பது நொடி.
கறுப்புவெள்ளையாக்கிப் பார்த்தால்
ரத்தம் கட்டன்சாயா மாதிரிதான் தெரியும்.
சாயா குடிப்பதை விட்டது அதற்கப்புறம்.
சத்தத்தை அணைத்துவிடு பியூலா,
பாதி பாரம் குறையும் என்றாள் கூட வேலைபார்க்கிறவள்.
என்னை எடுத்ததே கேட்பதற்கு.

ஆடியில் ஒரு செவ்வாய், அதிகாலை மூன்று இருபதுக்கு
வந்தது அந்தப் பதினோரு நொடி.
வாழைத்தோட்டம். கால்வாய்க் கரை.
மைக்கில் காற்று அடிக்கிறது.
அந்தக் காற்றை எனக்குத் தெரியும்,
கணவாய் வழியே வந்து
முந்தின நாள் மத்தியானம்
என் கொடியில் கிடந்த துண்டைத் தூக்கிக்கொண்டுபோன காற்று.
தூரத்தில் டவுன் பஸ் ஹார்ன்.
முகம் தெரியவில்லை.
குரல் மட்டும்.
எம்மா.

மொழி: தமிழ் என்று போட்டேன்.
வட்டாரம்: நெல்லை.
வகை என்று பதினேழு கட்டங்கள் இருந்தன.
எம்மாவுக்கு ஒன்றும் இல்லை.
மேலே அனுப்பினேன்.
மேலே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது.
நாற்பத்தொன்றாவது நொடியில் அடுத்தது:
யாரோ தவறாகப் புகார் செய்த பூனைக்குட்டி,
நூல்கண்டை உருட்டுகிறது.
அந்தப் பூனையைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

கம்பெனி ஒரு நம்பர் தந்தது.
பெங்களூரிலிருந்து நல்ல குரல்.
நாலு எண்ணி மூச்சை இழுங்க மேடம்.
பார்த்ததை மட்டும் சொல்லக்கூடாது,
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
பார்த்ததைச் சொல்லாமல் எதைச் சொல்லி அழ?
லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை
குழம்பைக் கவிழ்த்த பயலை
‘ஏல, கொன்னேபுடுவேன் பாத்துக்கோ’ என்று
சிரித்துக்கொண்டேதான் அதட்டினார் தனசிங்.
சோற்றுக் கையின் பெருவிரல்
தட்டில்
நீக்கு என்பதைத் தேடியது.
எச்சில் காயும்வரை அப்படியே இருந்தேன்.

பாளை மார்க்கெட்டில் சுடலைக்கண்ணுவின் இலைக்கடை.
அவர் காம்பு நறுக்க அரிவாளை எடுத்ததும்
இரண்டடி பின்னால் போய்
தக்காளிக்கூடையில் இடித்து நின்றேன்.
என்னைப் பார்த்தார். அரிவாளைப் பார்த்தார்.
அதைச் சாக்குக்கு அடியில் தள்ளிவிட்டுக்
காம்பைக் கையாலேயே ஒடித்தார்.
‘ஏடா, தலைவாழையா?’
அவ்வளவுதான் கேட்டார்.
ஒரு இலை கிழிந்துபோயிற்று.
அதற்குக் காசு வாங்கவில்லை.

இன்று காலை ஆறரை.
மடிக்கணினியை மூடிய உள்ளங்கையில்
இன்னும் அதன் சூடு.
குளியலறையிலிருந்து பயல்: எம்மா.
சோப்பு தீர்ந்திருக்கும்.
என்னை அறியாமல் எண்ணுகிறேன்.
ஏழு. எட்டு.
எம்மா, சோப்பு.
ஒன்பது. பத்து.
பதினொன்று.

பன்னிரண்டிலும் கூப்பிடுகிறான்,
கோபமாக, வாளியைத் தட்டிக்கொண்டு.
வாரேம்ல, என்கிறேன்.
எழுந்திருக்க
இன்னும் கொஞ்சம் ஆகும்.
அதுவரை கூப்பிடட்டும்.