ஞாயிறு, பின்னிரவு இரண்டரை

குடியாத்தம், நெல்லூர்ப்பேட்டை.
தீப்பெட்டி லேபிள் அச்சகத்துக்கு மேல்மாடியில்
என் இ-சேவை மையம்.
பதினொரு மணி வெயிலுக்கெல்லாம்
கணினிக்கு மூச்சுத் திணறும்.
நாலு ஜிபி நினைவகம்;
மாடிப்படி முழுக்க வரிசை.
மவுஸை அசைத்தால்
அம்பு அரை நிமிடம் கழித்து நகரும்,
தாலுகா ஆபீஸ் பதில் மாதிரி.

ஒரு ராத்திரி நோட்பேடில் எழுதினேன்,
பதினோரு வரி.
ஸ்கேன் கோப்புறையைக் காலி செய்.
தற்காலிகக் குப்பையைக் கொட்டு.
மூடியும் சாகாத பிரவுசர்களைக் கொல்.
அணைந்து எழு.
எதையும் என்னைக் கேட்காதே.
நேரம் குறித்தேன்:
ஞாயிறு, பின்னிரவு இரண்டரை.

அதற்குப் பிறகு திங்கட்கிழமைகள் லேசாயின.
ஊராரின் ஆதாரும் சாதியும் வருமானமும்
நான் தூங்கும்போது போய்விடும்.
காலையில் டீயோடு பதிவைத் திறந்தால்
ஒற்றை வரி: 412 கோப்புகள்.
யாருடையவை என்று இருக்காது.
அது சரிதான் என்று இன்றும் சொல்வேன்.

போன திங்கள், ஷட்டரைத் தூக்குமுன்
தேசம்மாள் நின்றிருந்தாள்.
வெள்ளிக்கிழமை, உதவித்தொகை மனுவுக்கு
செத்துப்போன கணவனின் பீடித் தொழிலாளர் அட்டையை
ஸ்கேன் செய்துகொண்டு போனவள்.
வேலூர் பஸ்ஸில் பை போய்விட்டதாம்.
"அட்ட போனா போவுது.
அவரு மூஞ்சி அதுல மட்டுந்தான் கீது.
உன் பொட்டியில கீதா, பாரு."

இருக்காது என்று எனக்குத் தெரியும்.
பார்ப்பதுபோல் பார்த்தேன்.

இருந்தது.
கெங்கையன். கட்டம்போட்ட சட்டை.
பாதிக் கன்னத்தில் அரசாங்க முத்திரை.

பதிவில் ஞாயிறே இல்லை.
ராத்திரி டிரான்ஸ்பார்மர் வெடித்து
பேட்டை முழுக்க விடியும்வரை இருட்டு.
தவறிய வேலையை எழுந்ததும் செய் என்கிற கட்டத்தில்
நான் டிக் போட்டிருக்கவில்லை.
மறதிதான், வேறொன்றுமில்லை.

பளபளப்புத் தாளில், பெரிதாக்கி, மூன்று பிரதி.
மை காய ஊதினாள்.
முடிச்சவிழ்த்து அறுபது ரூபாயை எண்ணி வைத்தாள்.
"இனிமே அதுல வேணாம், அழிச்சுடு.
என் புருசனுக்கு உன் கடையில இன்னா வேல?"

அழி என்றேன்.
உறுதியாகவா என்று கேட்டது திரை.
பதினோரு வரியில் ஒரு வரி
இந்தக் கேள்வியின் வாயை அடைப்பதற்கென்றே எழுதியது.
விரல் பொத்தான்மேல் இருந்தது.
படியில் யாரோ இருமினார்கள்.

"இன்னான்றது அது?"
கேட்டாள் தேசம்மாள்.
சொன்னேன்.

தாளைச் சுருட்டாமல் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு
"ஆமான்னு போடு" என்றாள்.