இறந்தகாலத்தில் பத்து வாக்கியங்கள்

பிரெஞ்சுப் புத்தகத்தில் ஏழாம் பாடம்:
கமீலும் அவள் தோழனும் சனிக்கிழமை பாரிஸ் போகிறார்கள்.
கோபுரம் ஏறுகிறார்கள். ஆற்றில் படகு.
மழை வருகிறது, ஒரு கடைக்குள் ஒதுங்கி
ரொட்டி தின்கிறார்கள். பாடம் முடிகிறது.

திங்கட்கிழமை வாய்மொழித் தேர்வு.
வாரக்கடைசியில் நீ என்ன செய்தாய்?
இறந்தகாலத்தில் பத்து வாக்கியம்.
எழுதியும் தர வேண்டும்.

என் வாரக்கடைசியில் துவைத்த துணியும்
விடுதி மெஸ்ஸின் ஞாயிற்றுக்கிழமைக் குஸ்காவும்தான்.
பத்து வராது என்றேன்.
போய் வந்துவிடலாம் என்றாள் சலேத்.
பாரிஸுக்கா?
கொடைக்கானலுக்கு. ஆரப்பாளையத்திலிருந்து காலை பஸ்.

வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொன்னேன்.
முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும்
வளைவுக்கு ஒரு வினைச்சொல்லாய் மனப்பாடம் செய்தோம்.
போவது, வருவது, ஏறுவது, விழுவது, பிறப்பது, சாவது
எல்லாம் அங்கே 'இரு' கட்சி.
பார்ப்பது, தின்பது, வாங்குவது, தொலைப்பது
எல்லாம் 'வைத்திரு' கட்சி.
நமக்கு அந்தத் தொல்லையே இல்லை என்றாள்.
போயிருக்கிறேன், பார்த்திருக்கிறேன், தொலைத்திருக்கிறேன்.
எதைச் செய்தாலும் நமக்கு இருந்தாக வேண்டும்.
அடுத்த வளைவில் ஜன்னல் வழியே வாந்தி எடுத்தாள்.
அது எந்தக் கட்சி என்று
எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே கேட்டாள்.

ஏரியைச் சுற்றி வாடகை சைக்கிள்.
பாதியில் செயின் கழன்றது, கையெல்லாம் கிரீஸ்.
மூன்றாவது வாக்கியம், நான்காவது.
மிளகாய் பஜ்ஜி பாடத்தின் சொற்பட்டியலில் இல்லை.
ரொட்டி என்று எழுதிக்கொண்டேன்.

சலேத் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி விற்றவர் சொன்னார்:
சலேத் என்பது பிரான்சில் ஒரு மலைக்கிராமம்.
இவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.
பத்தொன்பது வருஷமாய் ஒரு ஊரைக் கூப்பிட்டுத்தான்
அட்டெண்டன்ஸ் எடுத்திருக்கிறார்கள்,
ஒருத்தரும் என்னிடம் சொல்லவில்லையே.

கோக்கர்ஸ் வாக் போய்ச் சேர்ந்தபோது மேகம் மூடியிருந்தது.
கம்பிக்கு அப்பால் உலகம் இல்லை.
டெலஸ்கோப்காரர் இருபது ரூபாய் என்றார்.
பனியாயிற்றே?
சொல்லச் சொல்லப் பாரும்மா.
குழாயைத் திருப்பினார்: இது வைகை அணை.
வெள்ளை.
ஒரு விரற்கடை நகர்த்தினார்: இது பெரியகுளம்.
அதே வெள்ளை.
என் ஊர். தென்கரையில் மூன்றாவது தெரு.

அப்போதுதான் போன் அடித்தது.
கிளாஸ் முடிஞ்சிருச்சா? அம்மா.
இன்னும் இல்லம்மா.
இங்க மாடியில நிக்கிறேன், ஒரே மப்பு.
மலையே தெரியல இன்னைக்கு.
துணி காயாது போல.

ம் என்றேன்.
கண்ணைக் குழாயிலிருந்து எடுக்கவில்லை.

டெலஸ்கோப்காரர் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்.
ஒண்ணும் பாக்கலைல்ல என்றார்.
மிச்சம் பத்து?
நின்னதுக்கு.

திங்கட்கிழமை.
சலேத் பஜ்ஜியைப் பஜ்ஜி என்றே சொல்லி
ஒரு மார்க் இழந்தாள். கவலைப்படவில்லை.
என்னிடம் மிஸ் கேட்டார்: என்ன பார்த்தாய்?
ஒன்றும் பார்க்கவில்லை.
அந்த மொழியில் இல்லை என்பது இரண்டாய் உடைந்து
வினைக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாய் நிற்கும்.
சரியாகத்தான் சொன்னேன்.

ஆனால் எழுதிக் கொடுத்த தாளில்
முதல் வாக்கியத்திலேயே சிவப்பு மை.
'போனேன்' என்பதன் கடைசியில்
போனவள் பெண் என்பதற்கு ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது.

அதை யாரும் உச்சரிப்பதில்லையே மிஸ்,
சொன்னால் கேட்காதே?

கேட்காது, என்றார்
அடுத்த தாளைப் புரட்டியபடி.
இருக்கும்.