ஆறாம் மாதம் வரை

இடது முன்சக்கரம் கீச்சிடும்.
போன வாரம் எண்ணெய் விட்டேன்.
சத்தம் நின்றது,
கூடவே இவள் தூக்கமும்.
மூன்று நாள் வண்டியை மழையில் நிறுத்தி
துருவைத் திரும்ப வரவழைத்தேன்.
இப்போது கீச், கீச்,
முதல் திருப்பத்துக்குள் கண் செருகிவிடுகிறது.

ரெய்க்யவிக்கில் அக்டோபர்.
ஒன்பதரை மணி வெயில்
தகர வீடுகளின் கூரையைத் தொட்டுவிட்டு
இறங்கலாமா என்று யோசிக்கிறது.
ஸ்டெய்ன்வோர் இரவுப் பணி முடித்து வந்து
கனத்த திரைச்சீலைக்குப் பின்னால் தூங்குகிறாள்.
எனக்கு அப்பா விடுப்பு.
வீட்டில் சத்தம் கூடாது.
ஆகவே பூங்காக்கள்.

பெரியது வேண்டாம்.
அங்கே வாத்துகள், வாத்துகளைப் படமெடுப்பவர்கள்.
எங்களுக்கு வாய்த்தவை
இரண்டு வேலிகளுக்கு நடுவே
நகரம் கட்ட மறந்த துண்டுகள்.
வரைபடத்தில் ஒரு பச்சைப் பொட்டு,
பலகை இல்லை, பேர் இல்லை.
நானே வைத்துக்கொண்டேன்.

ஒற்றை ஊஞ்சல்:
பக்கத்தில் வெறும் சங்கிலி தொங்கும்,
காற்று வந்து ஆடிவிட்டுப் போகும்.

மூணுகால் பெஞ்சு:
நாலாவது காலுக்கு யாரோ
எரிமலைக் கல் ஒன்றை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.
உட்காரும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சாம்பல் பூனையின் சமஸ்தானம்,
மணல்தொட்டியின் மூடிதான் சிம்மாசனம்.

பிறகு அந்தக் குடிகாரத் தோட்டம்.
கொத்துக் கொத்தாய்ச் சிவந்த பழங்கள்
மரத்திலேயே புளித்துப்போக,
தின்ற பறவைகள் புல்லில் தள்ளாடும்.
ஒன்று ஒருநாள் நேரே வந்து
சக்கரத்தில் முட்டிக்கொண்டு
மன்னிப்புக் கேட்பதுபோல் நின்றது.

இத்தனைக்கும் பேர் வைத்துவிட்டேன்.
வண்டிக்குள் படுத்திருப்பவளுக்கு
இன்னும் வைக்கவில்லை.

இந்த ஊரில் அது குற்றமில்லை.
ஆறு மாதம் அவகாசம் உண்டு.
எங்களுக்கு இன்னும் பத்தொன்பது நாள்.
நான் சொல்லும் பேரெல்லாம்
மீன்பிடிப் படகுக்கு வைப்பது என்கிறாள் ஸ்டெய்ன்வோர்.
அவள் சொல்லும் பேரெல்லாம்
பள்ளியில் என்னை அடித்த பெண்களுடையது.
கடை ரசீதின் பின்னால் எழுதி வைத்த பட்டியல்
வண்டிப் பையில் நனைந்து
நாலு பேர் ஒரே பேராகிவிட்டது.
படித்துப் பார்த்தேன்,
மோசமில்லை.

நேற்று மூணுகால் பெஞ்சில்
ஹாவார் என்றொரு பையன்,
ஐந்து வயதிருக்கும், மூக்கு ஒழுக வந்து எட்டிப் பார்த்தான்.
"பேர் என்ன?"
"இன்னும் வைக்கலை."
"அப்போ எப்படிக் கூப்பிடுவீங்க?"
"நாங்க கூப்பிடுறதில்லை. இவள்தான் எங்களைக் கூப்பிடுவாள்,
ராத்திரி இரண்டு மணிக்கு, நாலு மணிக்கு."
நியாயம்தான் என்று தலையாட்டினான்.
பிறகு போனால் போகிறதென்று
தனக்குப் பிடித்த பேருந்தின் எண்ணைக் கொடுத்தான்:
"பதினாலு."

இன்று புதிதாய் ஒன்று.
ரொட்டிக்கடைக்குப் பின்னால் ஒரு சந்து,
வண்டியின் இரு பக்கமும் சுவர் உரச நுழைந்தோம்.
உள்ளே சாயம் போன சிமெண்ட் நீர்யானை,
முதுகில் தேங்கிய மழைநீர்,
அதில் ஒரு சாண் வானம்.
வேறொன்றுமில்லை.
சக்கரம் புல்லில் ஏறியதும் கீச்சு நின்றது.
இவள் விழித்துக்கொண்டாள்.
அழவில்லை.
கையுறைக்குள் விரல்களை மடக்கி மடக்கி
நீர்யானையைப் பார்த்தாள்,
அதுவும் பார்த்தது.
பழக்கதோஷத்தில் இடத்துக்கு ஒரு பேர் தேடினேன்.
நாக்கு வரை எதுவும் வரவில்லை.
தேடுவதை விட்டுவிட்டு
நானும் குந்தி உட்கார்ந்தேன், ஈரத்தில்,
ரொட்டி வாசனையில்,
எவ்வளவு நேரமென்று தெரியாமல்.

வீடு திரும்பியபோது
ஸ்டெய்ன்வோர் காபிக் கோப்பையோடு வாசலில்.
"இன்னிக்கு எந்தப் பூங்கா?"
"பேர் வைக்கலை."
"உடம்பு சரியில்லையா உனக்கு?"
சிரித்துக்கொண்டே வண்டிக்குள் குனிந்து
சும்மா, விளையாட்டாய்,
"பதினாலு" என்றாள்.

குழந்தை சட்டென்று தலை திருப்பியது.

நாங்கள் இருவரும்
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்,
கொஞ்சம் பயத்தோடு.