ஸ்பெயினுக்குப் பிறகு

ஸ்பெயினுக்குப் பிறகு சுவீடன் வருகிறது.
விரலால் மேலே தள்ளிப் பார்த்தேன், கீழே தள்ளிப் பார்த்தேன்.
இடையில் ஒரு நாடு இருக்கவேண்டும்,
ஆங்கில அகரவரிசையில் அதன் இடம் அதுதான்;
கல்லடியில் இரவு ஒன்றே முக்காலுக்கு
மழைச் சத்தத்தோடு நான் உட்கார்ந்திருக்கும் நாடு.

இதே கொம்பனி போன மாசி மாதம்
எனக்கு நன்றி எழுதியிருந்தது.
அவர்களுடைய சம்பளக் கணக்கு ஓடுவது
நேரத்தை நாட்டுக்கு நாடு மாற்றிச் சொல்லும் ஒரு சின்ன நிரலில்.
யாரும் எடுத்துப் பாவிக்கலாம், காசில்லை.
உலகம் முழு மணித்தியாலங்களாகத்தான் நகர்கிறது என்று
அதை எழுதியவன் நம்பியிருந்தான்.
எங்கள் கடிகாரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் அரைமணியை
அதற்குள் நுழைத்தது நான்.
அரைமணி உள்ளே போய்விட்டது.
நான் வெளியில்.

'தாங்கள் வசிக்கும் நாட்டில்
நாங்கள் ஆட்களை அமர்த்துவதில்லை. மன்னிக்கவும்.'

காரணங்கள் பொய்யில்லை, அதுதான் கஷ்டம்.
வரி, சட்டம், காசு அனுப்பும் வழி,
ஒருத்திக்காக ஒரு சட்டத்தரணி.
நானும் கணக்குப் பார்க்கிறவள்தான், விளங்குகிறது.
ஆனாலும் இதை எழுதியவரின் சட்டைக் கழுத்தில்
எங்கள் நாட்டின் பெயர் தைத்திருக்கக்கூடும்.
துணிக்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்.

நுஸ்கியா சாய்ந்தமருதிலிருந்து குரல்பதிவு அனுப்புகிறாள்:
'ஸ்காபரோவில ஒங்கட மாமிட விலாசத்தப் போடுகா.
ஆருக்குத் தெரியப் போகுது?'
மாமி ஓமென்பா. வீட்டு இலக்கம் எனக்குப் பாடம்.
இருபத்திரண்டு என்று அடித்தேன்.
அழித்தேன்.

அப்பாவை ஒருமுறை மன்னம்பிட்டியில் பஸ்ஸால் இறக்கினார்கள்.
அடையாள அட்டையில் இருந்த ஊர்ப்பெயர் போதுமாக இருந்தது.
பின்னேரம் வரை வெயிலில்.
அதையும் இதையும் ஒன்று என்று சொல்லமாட்டேன்.
அங்கே துவக்கு இருந்தது,
இங்கே மன்னிக்கவும் இருக்கிறது.
ஆனால் இரண்டு இடத்திலும்
ஆளைப் பார்க்குமுன் விலாசத்தைப் பார்த்தார்கள்

என்று கோபத்தில் எழுதிக்கொண்டு வந்தவள்
இந்த இடத்தில் நிற்கவேண்டியதாயிற்று.

போன ஆடியில் எங்கள் நாலுபேர் கந்தோருக்கு
இன்னொரு ஆள் தேடினோம். பதினேழு விண்ணப்பம்.
எக்செலில் விலாசப்படி அடுக்கி
படுவான்கரை ஆட்களை ஒரே இழுப்பில் நீக்கியது நான்.
ஆறுபேர்.
வாவிக்கு அந்தப் பக்கம். கறண்ட் போகும், சிக்னல் விழும்,
மாரிக்கு ரோட்டு மூடும்.
காரணங்கள் பொய்யில்லை.
அன்றிரவு எனக்கு நல்ல நித்திரை வந்தது;
அந்தக் கொம்பனிக்காரருக்கும் வந்திருக்கும்.

தேடி எடுத்தேன். புவிகரன், மண்டூர்.
விலாசத்தை ஒளிக்கவில்லை. கீழே ஒரு வரி வேறு:
'மழைக்குப் பாதை ஓடாது என்று தெரிந்தால்
முதல்நாளே குருமண்வெளிக்கு வந்து தங்கிவிடுவேன்.'
யாரும் கேட்காத வாக்குறுதி.
அவன் அனுப்பிய நிரலை நாங்கள் திறக்கவேயில்லை.

இப்போது திறந்தேன்.
ஒரு பிழை இருந்தது, பெரிய பிழைதான்.
நாற்பதாவது வரியில் கொஞ்சநேரம் நின்றேன்.
நான் எட்டு வரியில் செய்வதை
அவன் மூன்றில் செய்துவிட்டுச்
சும்மா கடந்து போயிருந்தான்.

ஆடிக்கும் கார்த்திகைக்கும் இடையில்
வேறு வேலை கிடைத்திருக்கலாம். கொழும்புக்குப் போயிருக்கலாம்,
கட்டாருக்கும் போயிருக்கலாம்.
'வணக்கம் புவிகரன்' என்று தொடங்கினேன்.
அடுத்த சொல் தானாக விரலில் வந்தது, மன்னிக்கவும்.
அது அவர்களுடைய சொல்.
வேறொன்று யோசித்துக்கொண்டிருக்கையில்

கறண்ட் போனது.
எழுவான்கரையிலும் போகும்.