எட்டு நிமிடம்

ஏப்ரல் கடைசி. ஓனாஸ் ஆறு இன்னும் உறைந்து கிடந்தது.
பனிமேல் நட்ட கம்பத்திலிருந்து
என் படுக்கையறை அலமாரிக்கு ஒரு கம்பி.
அங்கே ஒரு பழைய லினக்ஸ் கணினி.
கம்பம் நகரும் நொடியைக் குறிப்பது அதன் வேலை.
ஊரே பந்தயம் கட்டியிருந்தது
அந்த நொடியின் மேல்.

குறித்தது. ஓயாமல் குறித்தது.
ஐந்து நொடிக்கு ஒருமுறை
வட்டின் எழுதுமுனை எழுந்து, எழுதி, படுத்தது:
டிக்.
பகலில் கேட்காது.
நடுநிசியில் யாரோ நெற்றிக்குள் ஆணி அறைவதுபோல.

அடியில் ரப்பர் வைத்தேன். மேலே தலையணை. டிக்.
திறந்து பார்த்த கோப்பைக்கூடப் பார்த்ததாக எழுதிக்கொள்ளும்
அந்தக் கெட்ட வழக்கத்தை நிறுத்தினேன். டிக்.
கோப்புகளுக்கு அட்டவணை போடும் சேவையைக் கொன்றேன்,
ஸ்வாப்பை அணைத்தேன்,
டிக்.

இரண்டு மணிக்குக் கம்பளிக் காலுறையோடு தரையில் உட்கார்ந்து
எழுதுவது யார் என்று பட்டியல் எடுத்தேன்.
உச்சியில் ஒரே பெயர்: ஜேபிடி2.
கோப்பு முறைமையின் கணக்கப்பிள்ளை.
செய்யப்போவதைச் செய்யும் முன்பே பேரேட்டில் ஏற்றுகிறவன்,
விளக்கே அணைந்தாலும் கணக்கு பிசகாதிருக்க.

அவன்மேல் குற்றமில்லை.
நொடிக்கொரு வரி, நகரவில்லை நகரவில்லை என்று
அவனிடம் நீட்டிக்கொண்டே இருந்தது
நான் எழுதிய நிரல்.
அதைத் திருத்தியிருக்கலாம்.
தூக்கம் சொருகும் கண்ணுக்கு ஓர் எண்ணை மாற்றுவது எளிது.
ஐந்தை அறுநூறாக்கினேன்.

எத்தனை நொடி தொலைந்தால் பரவாயில்லை
என்பதுதான் அந்த எண்ணுக்குப் பொருள்.
கையேட்டில் இருந்தது. படித்துமிருந்தேன்.

அப்புறம் அமைதி.
அந்த மாதத்தின் முதல் தூக்கம்.

விடிந்தபோது ஆறு ஓடிக்கொண்டிருந்தது.
போகிற போக்கில் கரையோர மின்கம்பத்தையும்
கூட்டிக்கொண்டு போயிருந்தது.

மதியம் மின்சாரம் வந்தது. கணினி சமர்த்தாக எழுந்தது.
ஒரு பிழை இல்லை, ஒரு கோப்பும் சிதையவில்லை.
கணக்கப்பிள்ளை சொன்ன சொல் தவறாதவன்.
கடைசி வரி:
நாலு பதினொன்று. நகரவில்லை.
மின்சாரம் போனது நாலு பத்தொன்பதுக்கு
என்கிறது மின் நிறுவனம்.

நாலு பதிமூன்று என்று கட்டிய ரெய்யோ கும்புலா
வாசலில் நிற்கிறார், பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.
நாலு பதினெட்டு என்று கட்டிய ஐலி
அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறாள்.
"உன் சன்னலுக்கு நேர் கீழேதானே உடைந்தது?
இடி மாதிரி இருந்திருக்குமே.
எப்போது கேட்டது, சொல்."

ஒன்றும் கேட்கவில்லை என்கிறேன்.
அதற்குத்தானே
இவ்வளவு பாடுபட்டேன்.