கோப்பு 417

இரவு ஒன்பதரைக்கு டென்மார்க்கிலிருந்து
கடவுள்கள் வரத் தொடங்கும்.
பெங்களூரு தொம்மலூரில், மூன்றாம் மாடியில்,
நான் அவற்றுக்குப் பெயர் ஒட்டுகிறேன்.

சதுப்பில் எடுத்த ஒரு மரத்துண்டுக்கு
எண்ணூறு ஸ்கேன் வெட்டுகள்.
தேர்வு நான்கே:
மனித உருவம். கருவி. விறகு. தெரியவில்லை.
விறகு என்று அழுத்தினால் அடுத்தது உடனே வந்துவிடும்.
மனித உருவம் என்றால் காரணம் எழுத வேண்டும்,
குறைந்தது இருபது எழுத்து.

முதலில் வந்தது ஒரு கவட்டைக் கிளை.
இரண்டு கால்களையும் மரமே வளர்த்துக்கொண்டது.
மனிதக் கை சேர்த்ததெல்லாம்
கண்ணுக்கு இரண்டு கீறல்.
வாய்க்கு அதுகூட இல்லை.
பாதத்தில் மட்டும் மண்ணில் ஊன்றிய அழுகல்.
நின்றிருக்கிறான், ஏதோ மழையில், யாரோ பார்க்க.
"கண் உள்ளது, ஆகவே" என்று தட்டினேன்.
போதவில்லை என்றது திரை.

இரண்டு மணிக்கு 417.
மரமே இல்லை. பெயர்த்தெடுத்த மண்கட்டி.
பழுப்புக்குள் கறுப்பாய் ஒரு வட்டம்:
தூண் மக்கிப்போன குழி.
அடியில் பெருவிரல் நகமளவு தங்கத் தகடு,
அதில் ஓர் ஆணும் பெண்ணும்
மூக்கு இடிக்க நிற்கிறார்கள்.
காலம் ஏழாம் நூற்றாண்டு, கேள்விக்குறியோடு.

எங்கள் வீட்டில் வாசக்கால் நிறுத்தியபோது
அண்ணன் குழியில் போட்ட காற்பவுனை
அண்ணி அன்றிரவே தோண்டி எடுத்துவிட்டாள்.
அங்கே அப்படி ஓர் அண்ணி இல்லை போல.

"தூண் சாமியா, வெறும் தூணா?"
சுப்ரீத்திடம் கேட்டேன்.
"டார்கெட் இன்னும் அறுபது இருக்கு" என்றான்,
வாயெல்லாம் முட்டை பப்ஸ்.

விடிய ஜோகுபாளையத்துக்கு நடந்தேன்.
சாக்கடை வேலைக்கென்று வேம்பை வெட்டி
முனேஸ்வரனை டெம்போவில் ஏற்றிப் பத்து நாள்.
புதுக் கல் பதித்தாகிவிட்டது.
ஒரு சதுரம் மட்டும் நிறம் மாறுகிறது,
எத்தனை வருடத்து எண்ணெயோ
கீழிருந்து ஊறி வருகிறது.

பால் பாக்கெட் போடும் பையன்
ஃபோனில் பேசிக்கொண்டே வந்தவன்
ஹேண்டிலை ஒடித்து
அந்தச் சதுரத்தைச் சுற்றிப் போனான்.
பேச்சு நிற்கவில்லை.

எனக்கு அங்கேதான் கிடைத்தது இருபது எழுத்து:
ஆட்கள் ஒதுங்கிப் போயிருக்கிறார்கள்.

கிடைத்து என்ன.
417-ஐத் தெரியவில்லை என்று மூடி
நான்கு மணி நேரம் ஆகிறது.