வயது: ஆறு முதல் எட்டு

மண்டாய் ஏரிச் சாலை. இரவு இரண்டு பத்து.
ஊசி தைத்த ஒன்பதாம் நிமிடம்
முன்னங்கால் மடித்து உட்கார்ந்தது மிளா,
பேருந்தில் இடம் கிடைத்தவள் போல.

கண்ணைத் துண்டால் கட்டினேன்.
ருஸ்லான் மூச்சை எண்ணினார், மலாயில்.
டாக்டர் ஹுய்வென் தாடையைத் திறந்து
"லைட்" என்றார்.

தானம் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள்.
இதை யாரும் தானம் தரவில்லை.
எப்போதோ வேலி தாண்டிய ஒன்றின்
பேத்தியோ, பேத்தியின் பேத்தியோ.
பிறப்புச் சான்றிதழ் இந்த வாய் மட்டும்.

முதலில் வெதுவெதுப்பான நெடி:
புளித்த இலை, ஈர மண், ஏதோ பழத்தின் கள்வாடை.
மேலே முன்பல் கிடையாது, வெறும் தடித்த ஈறு.
கீழே எட்டு உளிகள்.
உள்ளே போகப் போகத்தான் வயது.

பால்பல் விழுந்தாயிற்று.
கடைசிக் கடைவாய்ப்பல் முழுதாய் எழுந்தாயிற்று.
அதுவரை கணக்கு நேர்.
பிறகு தேய்மானம்தான்.
வெள்ளை முகடு மழுங்கிப்
பழுப்பு அகன்றிருக்கிறது,
தேநீர்க் கறை ஏறிய கோப்பை விளிம்பாக.

"ஆறு," என்றார் டாக்டர்.
விரலால் மறுபடி தடவி,
"எட்டாகவும் இருக்கலாம்.
சாலையோரப் புல்லில் மணல் அதிகம்."

மணல் தின்ற வருடங்களை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

போன மாதம் ஈசூன் பலதுறை மருந்தகத்தில்
என் வாயிலும் இப்படி ஒரு விளக்கு.
தூக்கத்தில் பல் கடிப்பீங்களா, வளர்மதி?
தெரியாது. அப்போது நான் தூங்கிக்கொண்டிருக்கிறேன்.
அடையாள அட்டை நாற்பத்தொன்று என்கிறது.
ஐம்பத்தைந்து இருக்கும் என்று நினைத்தேன்,
சிரித்தார் பல் பார்த்த பெண்.
நானும் சிரித்தேன், வாயை மூட முடியாமல்.

இளஞ்சிவப்பு மாவைக் குழைத்து அச்சு எடுக்கிறோம்.
அதே மாவு. அதே பொய்ப் புதினா வாசம்.
மிளாவுக்குப் பிடிக்கவில்லை போலும்,
மயக்கத்திலும் நாக்கு தள்ளுகிறது.

"நேரம்," என்கிறார் ருஸ்லான்.
மாற்று ஊசி. துண்டை உருவுகிறேன்.
எழுந்தது. தள்ளாடியது.
எங்களை ஒரு பொருட்டாக எண்ணாமல் நின்று
வெறும் வாயை இரண்டு முறை மென்றது.
பிறகு காடு.

படிவத்தில் ஆறு முதல் எட்டு என்று எழுதி
ஒரு கேள்விக்குறி போட்டேன்.
டாக்டர் அதை அடிக்கச் சொல்லவில்லை.

அச்சில் ஒரு புல் இழை ஒட்டியிருக்கிறது.
நீரில் கழுவ வேண்டும், விதி அப்படி.
விரைவுச்சாலையில் முதல் காய்கறி லாரி போகும்வரை
கையிலேயே வைத்திருக்கிறேன்.